அடைப்பு வீட்டில் நூலகம்

நூலக ஆய்வாளர் பிரகதீஸ்வரி மேடம் போன் செய்தபோது நான் புத்தகங்களுக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன்.

"சரவணக்குமார், ரேஷன் கடைய இடிக்கப் போறாங்களாமே. பின்னாடி இருக்கிற நம்ம ரூமும் சேத்துத்தான். தெரியுமா?"

"பிரசிடெண்ட் சொன்னாரு மேடம்."

"புதுக் கட்டடத்துல நமக்கு ரூம் கெடையாது. வாடகை இல்லாத எடமா ஒண்ணு பாருங்க. ஆடி முடியறதுக்குள்ள காட்டணும். இல்லன்னா புத்தகத்தையெல்லாம் வேன்ல ஏத்தி கிளை நூலகத்தோட சேத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"ஆளையும் சேத்துக்குவாங்களா மேடம்?"

"ஆள எங்க சேக்கிறது? நீங்க பகுதிநேரம்தானே."

அவர் சொன்னதில் தப்பில்லை. நூலகங்களிலும் மேல்படி கீழ்படி உண்டு. புதுக்கோட்டையில் மாவட்ட மைய நூலகம். அதன் கீழே கிளை நூலகங்கள். அவற்றின் கீழே ஊர்ப்புற நூலகங்கள். எல்லோருக்கும் கடைசியில் பகுதிநேர நூலகம். அதற்கு அரசாங்கம் புத்தகம் தரும், ஓர் ஆளைத் தரும். இடத்தை ஊர் தர வேண்டும்.

அதனால் எங்கள் நொச்சிப்பட்டி நூலகத்தின் வரலாறு என்பது ஊர் விட்டுக்கொடுத்த அறைகளின் வரலாறுதான். முதலில் பால் சொசைட்டியில் ஒரு மூலை. புத்தகங்களைப் பிரித்தால் புளித்த வாடை வருமாம். பிறகு பஞ்சாயத்து டிவி ரூம். வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் அந்த அறை காலியானது, புத்தகங்கள் உள்ளே போயின. கஜா புயலில் அதன் கூரை ஷீட் பறந்தது. நனைந்த புத்தகங்களைத் தார் ரோட்டில் பரப்பி, கடலை காயப்போடுவது போலக் காயப்போட்டார்கள். குன்றாண்டார்கோவில் பஸ் இரண்டு நாள் மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போனது. அப்போது நான் திருச்சியில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ரேஷன் கடையின் பின்னறை. அங்கேதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. காலையில் நூலகம். மதியத்துக்கு மேல் அண்ணனின் கடலை மில்.

என் மனைவி ரஞ்சிதா படிப்பவள் இல்லை. "ஒங்க லைப்ரரிக்கு ஆளு வந்தா போன் பண்ணுங்க, வந்து பாக்குறேன்" என்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான்கு பேர் ஒன்றாக வந்துவிட்டார்கள். போன் செய்தேன். உண்மையாகவே வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாசியில் இறந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். வீட்டு உள்ளறையில் உயிர் போனது. அன்று சதய நட்சத்திரம். சதயத்தில் போனால் வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. பின்சுவரில் கல்லைப் பெயர்த்து அந்த வழியாக அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். ஓட்டையை மறுபடி அடைத்தார்கள். வாசல் கதவைப் பூட்டி, குறுக்கே உடைமுள் வைத்துக் கட்டினார்கள்.

"ஆறு மாசம் இந்தக் கதவத் தொறக்கக் கூடாது மாப்ள" என்றார் ரஞ்சிதாவின் அம்மா, அமிர்தவல்லி அத்தை.

திறக்க மாட்டேன் என்றேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

நூலகத்துக்கு இடம் தேடினேன். கோயில் மண்டபத்தில் திருவிழா அண்டாக்கள் இருந்தன. பால் சொசைட்டிச் செயலாளர், புத்தகம் வந்தால் கறையான் வரும் என்றார். எங்கள் ஊர்க்காரர் திருப்பதி அண்ணன் குவைத்தில் இருக்கிறார். அவருடைய புது வீடு பூட்டிக் கிடக்கிறது. வாட்ஸப்பில் கேட்டேன். குரலில் பதில் வந்தது. "தம்பி, கவர்மெண்டுக்குக் குடுத்த எடம் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நல்லா இருங்க."

ஊரில் சும்மா கிடக்கும் கட்டடம் இன்னும் ஒன்றுதான் மிச்சம். என்னுடையது.

அண்ணன் மனைவி செவந்தி மதினியிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தது.

"ஒங்களுக்குக் கிறுக்கா தம்பி? அடைப்பு வீட்டுலயா? ஆத்தா, நெனச்சாலே ஒடம்பு சிலுக்குது."

"ஆடிக்குள்ள எடம் வேணும் மதினி."

"ஆவணியில அடைப்பு முடிஞ்சிரும். பெறகு குடுங்க. யாரு வேணாங்குறா?"

"ஆவணியில புத்தகம் இருக்காது."

"போனாப் போகுது. எம்மெஸ்ஸி படிச்ச ஆளுக்கு வேற வேலையா இல்ல?"

"வேற வேல இருக்கு. வேற லைப்ரரி இல்ல."

"அந்தக் கதவத் தொறந்தீங்க, அமிர்தவல்லி அம்மா ஒங்கள உண்டு இல்லன்னு பண்ணிரும்."

"கதவத் தொறக்கப் போறதில்ல."

"பெறகு? கூரையப் பேத்துக்கிட்டு எறங்குவீங்களா?"

அது கெட்ட யோசனையாகத் தெரியவில்லை.

பின்சுவரை அடைத்தவர் ஆண்டியப்பன் கொத்தனார். அவரையே அழைத்துப் போனேன். எங்கள் வீட்டு வாசல் சந்துக்குள் இருக்கிறது. தெருப்பக்கம் கூடத்துச் சன்னல் மட்டும்தான்.

"மேல லிண்டல் இருக்கு. கம்பியக் கழட்டிட்டு, கீழ இருக்கிற செவுத்த எடுத்தா வாசலாயிரும்ல?"

"ஆகும். ஆனா அடைப்பு வீடாச்சே தம்பி."

"கதவத் தொறக்கக் கூடாதுன்னாங்க. செவுத்தப் பத்தி யாரும் சொல்லல."

சிரித்துவிட்டார். பிறகு வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "மொத அடி நீங்க அடிச்சுக்கங்க. எனக்குப் பேரன் பேத்தியெல்லாம் இருக்கு."

கடப்பாரையை வாங்கினேன். முதல் அடியில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவதில் பூச்சு பெயர்ந்தது. செங்கல் வெளியே வந்ததும் அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தரைமட்டம் வரை நானே இடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலி தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கூடத்தில் கொடியில் அவளுடைய துண்டு கிடந்தது. சுவரில் அவளுடைய போன் சார்ஜர் மாட்டியபடி இருந்தது. துண்டை மடித்து வைத்தேன். சார்ஜரை எடுக்கவில்லை. உள்ளறைக் கதவைத் திறக்காமல் அதன் முன்னால் ஒரு புத்தக அலமாரியை நிறுத்தினேன்.

ரேஷன் கடையை இடித்தவர்களிடம் பின்னறைக் கதவைக் கேட்டு வாங்கினேன். பச்சைக் கதவு. நூலகம் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆண்டியப்பன் அதைச் சன்னல் இருந்த இடத்தில் பொருத்தினார். புத்தகங்களை டிராக்டரில் கொண்டுவந்து அடுக்கினேன். பெஞ்சு போட்டேன். மறுநாள் காலை கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.

யாரும் உள்ளே வரவில்லை.

தெருவோடு நின்றார்கள். கேட்ட புத்தகத்தை நான் படியில் நின்று நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்கள். ரேஷன் கடையை இடித்தும் ரேஷன் கடை போகவில்லை என்று ஒருவர் சொன்னார்.

கலைமதி இரண்டு பிள்ளைகளின் தாய். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். புதுக்கோட்டைக்குக் கோச்சிங் போக வீட்டில் விட மாட்டார்கள். ஊருக்குள் லைப்ரரி என்றால் விடுவார்கள். அவள்கூட எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்துதான் படித்தாள்.

"உள்ள ஃபேன் ஓடுது. வந்து உக்காரு."

"வருவேண்ணே. எனக்குப் பேயெல்லாம் பயமில்ல, சிலபஸ்தான் பயம். ஆனா எங்க மாமியா சொல்லிருச்சு. அடைப்பு வீட்டுக்குள்ள போனா அங்கிட்டே இருந்துக்க, இங்கிட்டு வராதன்னு. ஒங்க லைப்ரரியில குடியிருக்கலாமா?"

பிரகதீஸ்வரி மேடம் போன் செய்தார். "புதன்கிழமை வாரேன். கட்டடம் இருந்தாப் போதாது சரவணக்குமார். உள்ள உக்காந்து படிக்கிறாங்களான்னு பாத்துத்தான் எழுதுவேன்."

"படிப்பாங்க மேடம்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை, மேடம் வரும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் அமிர்தவல்லி அத்தை வந்து இறங்கினார். கையில் ஒரு பை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெருவில் பேச்சு அடங்கியது. செவந்தி மதினி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. நேரே சந்துக்குள் போனார். பழைய வாசலின் பூட்டை இழுத்துப் பார்த்தார். உடைமுள்ளைக் கட்டிய கயிற்றைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அந்தக் கதவத் தொட்டீங்களா மாப்ள?"

"இல்லத்தை."

"உள்ளறைய?"

"தொடல. முன்னாடி அலமாரி வச்சிருக்கேன்."

"கதவ அடைக்கச் சொன்னா செவுத்த ஒடச்சிருக்கீங்க. வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"கணக்குத்தான் கெடச்சுது."

யாரும் சிரிக்கவில்லை.

"எம் மக போயி ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள அப்படி என்ன அவசரம்?"

"இன்னிக்கி ஆளு இல்லன்னா புத்தகத்த எடுத்துட்டுப் போயிருவாங்கத்தை. பெறகு வராது."

"போகட்டுமே."

"வீட்டப் பூட்டியாச்சு. இதையும் பூட்டணுமா?"

அத்தை பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ வருவாளா, இந்த லைப்ரரிக்கு?"

"ஒரு தடவ வந்தா. ஆளு வந்திருக்காங்களான்னு பாக்க."

"வந்திருந்தாங்களா?"

"நாலு பேரு."

அத்தையின் வாய் கோணியது. "எங்கிட்ட பத்துன்னா. எடம் பத்தாம நிக்கிறாங்க, எங்க வீட்டுக்காரரு எல்லாருக்கும் எடுத்து எடுத்துக் குடுக்குறாருன்னு சொன்னா போன்ல."

எனக்கு அது தெரியாது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பினார். "அடைப்பு அந்த வாசலுக்கு. முள்ளு வச்சு அடைக்கச் சொன்னது நான். இந்த வாசலுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

கலைமதி புங்கமரத்தடியிலிருந்து எழுந்தாள். "அப்ப நீங்க மொதல்ல போங்கம்மா. பின்னாடியே வாரோம்."

மதினி அவளை முறைத்தது. அத்தையைப் போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் செருப்பைக் கழற்றினார். நிலையைப் பிடித்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், உள்ளறைப் பக்கம் முதுகு காட்டி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கலைமதி தன் மாமியாருக்குக் கேட்கும்படி வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "பெத்தவளே உள்ள போயிருச்சு அத்தை. இனி ஒங்களுக்கென்ன?" புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மரத்தடியில் இருந்தவர்கள் போனார்கள். கடைசியாக, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மதினி போனது. போனது வரவில்லை. வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டது.

பிரகதீஸ்வரி மேடம் வந்தபோது பெஞ்சில் இடம் இல்லை. தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பையிலிருந்த கடலையை மடியில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க இதெல்லாம் கூடாது."

"திங்கலம்மா. உரிக்கத்தான் செய்யிறேன்."

"நீங்க மெம்பரா?"

"இல்ல. மாமியா."

மேடம் என்னைப் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார். கூடத்தை ஒரு சுற்று வந்தார்.

"எடம் நல்லாத்தான் இருக்கு. யாரு வீடு?"

"என்னுது மேடம்."

"நீங்க சின்ன வயசு. நாளைக்கி ஒரு கல்யாணம் காட்சின்னு ஆனா வீடு வேணும்னு கேப்பீங்க. நாங்க மறுபடி தெருவுல நிக்கணும்."

கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"கேக்க மாட்டேன்."

"எழுதித் தரணும்."

"தாரேன்."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மேடம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புத்தகம் எங்கும் போகாது என்றார். படியில் நின்று உள்ளே எண்ணிப் பார்த்தேன். பத்துக்கு மேல் இருந்தார்கள். போனை வெளியே எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

"அண்ணே, இந்தச் சார்ஜர் எம் போனுக்குச் சேருமா?" என்று கேட்டாள் கலைமதி.

"போட்டுப் பாரு."

சேர்ந்தது.

ஆவணியில் அடைப்பு முடிந்தது. அத்தை வந்தார். முள்ளை அறுத்துப் போட்டு, சந்துப்பக்கக் கதவைத் திறந்தோம். அலமாரியை நகர்த்தி உள்ளறையைத் திறந்தோம். கழுவிவிட்டோம். அத்தை விளக்கேற்றினார். ரஞ்சிதாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கினார். துண்டை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"இந்த ரூம நீங்க வச்சுக்கங்க மாப்ள. கூடத்த மட்டும்தானே கேட்டாங்க."

கொஞ்சம் யோசித்தேன். உள்ளறைக்குத் தெருச் சத்தம் வராது. பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கும். அப்படியே சொன்னேன். அத்தை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆண்டியப்பன் வந்து பார்த்தார். "சந்துப்பக்க வாசல அடச்சு விட்டுரவா? லைப்ரரிக்கு ரெண்டு வாசல் எதுக்கு? கண்ணு அசந்தா புத்தகம் போயிரும்."

"இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

மேசையை இரண்டு வாசலும் தெரிகிற மாதிரி நகர்த்திப் போட்டேன். ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போனது. புத்தகங்கள் மேல் கல் வைத்தேன்.

கலைமதி சந்து முனையில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அண்ணே, இனி எங்கிட்டு வர்றது?"

"எங்கிட்டு வேணாலும் வா. கையெழுத்துப் போட்டுட்டு உக்காரு."