கறுப்பு கிரீஸ்

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும், புத்தி நொண்டிக்கொண்டு பின்னால் வரும். இது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற எங்கள் பசியாவரம் தீவுக்கே தெரிந்த சங்கதி. "செங்கல்வராயன்கிட்ட வாய் குடுக்காதே"னு சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் பழவேற்காட்டில் ஏரி ஆராய்ச்சித் திட்டம் என்று ஒன்று அலுவலகம் போட்டது. ஏரியில் எந்தப் பக்கம் எந்த மீன், எவ்வளவு இறால் விழுகிறது என்று தினமும் எழுதி வைக்கிற வேலை. அதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மூன்று மாதம் மெட்ராஸில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தவன் நான். எங்கள் தீவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். ஆனால் ஆறு மாதத்துக்குத்தான் உத்தரவு. பெரிய அதிகாரி வந்து பார்த்து, இந்த உப்புக்காற்றில் மெஷின் தாங்குகிறது என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். தாங்கவில்லை என்றால் மெஷின் மெட்ராஸுக்குப் போய்விடும், நான் அண்ணனின் படகுக்குப் போக வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அதற்கும் காரணம் என் வாய்தான்.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள் குப்பம்மாள். எங்கள் தெருக்காரி, எனக்கு அத்தை முறை. புருஷன் நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. இந்த வேலை கிடைக்கிற வரைக்கும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். சேற்றில் கிடக்கிற சிப்பி கீறிக் கீறி விரல் நுனியில் ரேகையே இல்லை. வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தால் வெறும் மைத் திட்டுதான் விழும். "இனிமே அந்தச் சேத்துல கால் வெக்க மாட்டேன் நைனா"னு தோணியில் வரும்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். தினமும் காலையில் ஒரே தோணியில்தான் இருவரும் கரைக்கு வருவோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் கரண்ட் இல்லை. ஐந்தாம் நாள் புதன்கிழமை. கரண்ட் வந்ததும் மெஷின் சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்குள்ளே ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. திரை இருட்டு. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அரைச்சுற்று. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வருகிறார் என்று தந்தி வந்து மேஜைமேல் கிடந்தது.

மேஜையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். குப்பம்மாள் வாசலில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இது மேல தண்ணி ஊத்தினியா?"

"இல்ல நைனா. மேசையத்தான் தொடச்சேன்."

"தொடச்சியா, குளிப்பாட்டினியா? மெஷினு செத்துப் பூட்சு, தெரியுமா?"

அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த துணியைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "துணி கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு"னு முனகினாள்.

என் சத்தம் கேட்டு மேலாளர் திருவேங்கடம் வந்தார். பொன்னேரிக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். "இவ தண்ணி ஊத்திக் கெடுத்துட்டா சார்"னு சொன்னேன். பார்த்தேனா? இல்லை. கோபத்தில் வந்தது, சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வெளியே வருகிற வரைக்கும் அது சந்தேகம். அவர் காதில் விழுந்ததும் அது சாட்சியாகிவிட்டது.

"நாளையிலேந்து நீ வர வேணாம்மா"னு அவர் அவளிடம் சொன்னார். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் தபாலாபீசுக்கு ஓடினேன். மெஷினை அனுப்பிய கடையில் உமர் என்று ஓர் இன்ஜினியர். மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டு ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தபிறகு அவர் குரல் கிடைத்தது. பேச மூன்று நிமிஷம்தான்.

"ஃபேன் சுத்துதா?"

"அரைச்சுத்து சுத்தி நின்னுடுது சார்."

"அப்ப எங்கியோ ஷார்ட்டு. பெட்டியத் தொறந்து உள்ள கீற கார்டையெல்லாம் கழட்டிடு. ஒண்ணொண்ணா போட்டுப் போட்டு சுவிட்ச் போடு. எதப் போட்டா நிக்குதோ அதான் திருடன்."

அலுவலகத்துக்குத் திரும்பி அப்படியே செய்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஜோராகச் சுற்றியது. டிஸ்க் கார்டைச் செருகினேன், சுற்றியது. பிரிண்டர் கார்டு, அதற்கும் சுற்றியது. திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினேன். அரைச்சுற்று, நின்றது. அதை உருவிவிட்டுப் போட்டால் ஸ்பீக்கர் நீளமாக ஒரு தடவை, குட்டையாக இரண்டு தடவை கத்தியது. வேறு இடத்தில் செருகிப் பார்த்தேன். அதே கதை. இந்தக் கார்டோடு மெஷின் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

கார்டை எடுத்த விரல் கறுத்திருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்தக் கறுப்பை வைத்தவன் நான். மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்டைக் கழற்றித் தூசி தட்டும்போது, அடிப்பக்கம் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கிற பற்களில் லேசாகப் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் எந்த உலோகத்தையும் வெறுமனே விடமாட்டோம். படகு இன்ஜின் போல்ட்டிலிருந்து வீட்டுக் கதவின் கீல் வரைக்கும் கிரீஸ் தடவி வைப்போம், இல்லாவிட்டால் தை மாதத்துக்குள் உப்பு தின்றுவிடும். மெட்ராஸ்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பெருமையாக நினைத்துக்கொண்டு, இன்ஜினுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸை ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு பக்கமும் விரலால் தடவி, செருகி, பெட்டியை மூடினேன். அன்று ராத்திரியே கரண்ட் போய்விட்டது.

வியாழக்கிழமை காலையில் மறுபடி டிரங்கால்.

"கிராஃபிக்ஸ் கார்டு சார். அது இல்லாமப் போட்டா நீட்டா ஒண்ணு, குட்டையா ரெண்டு கத்துது."

"படம் குடுக்கற கார்டக் காணோம்னு சொல்லுது. அப்ப மத்தது எல்லாம் நல்லாத்தான் கீது. கார்டோட பல்லப் பாத்தியா? தண்ணி பட்டிருந்தா வெள்ளையா உப்பு பூத்திருக்கும்."

"அதெல்லாம் இல்ல சார். நல்லா கிரீஸ் போட்டுக் கீது. உப்பு ஏறாது."

அவர் குரல் உயர்ந்தது.

"இன்னா கிரீஸு?"

"போட் இன்ஜினுக்குப் போடுற கறுப்பு கிரீஸு சார்."

"அது ஏன் கறுப்பா கீது தெரியுமா? பென்சில் உள்ள கீற கரியத்தான் பொடி பண்ணிக் கலந்துகீறான். அதுல கரண்ட் ஓடும்பா. பல்லுக்குப் பல்லு பாலம் போட்டு வெச்சிருக்கீங்க. பெட்ரோல் போட்டுத் தொடைச்சுட்டு, பென்சில் அழிக்கிற ரப்பரால தேயி. எவன் பூசினான் இத?"

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் அறுத்துவிட்டார்கள். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். தண்ணீரும் இல்லை, துணியும் இல்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெட்ரோலும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் ரப்பருமாக மத்தியானம் வரைக்கும் தேய்த்தேன். கார்டின் பல்லையும் தேய்த்தேன், அது உட்காருகிற பள்ளத்தையும் தேய்த்தேன். நன்றாக ஆறவிட்டுச் செருகி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கர் சின்னதாக ஒரே ஒரு தடவை கத்தியது. திரையில் பச்சை எழுத்து வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வேலையை நினைத்து வந்த தண்ணீர்தான், பொய் சொல்வானேன்.

பிறகு மேலாளரிடம் போனேன். போனேன் என்பதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"மெஷின் ஓடுது சார். கெட்டது தண்ணியால இல்ல. அத்தையத் திரும்ப வரச் சொல்லிடலாம் சார்."

"தண்ணியால இல்லன்னா எதனால?"

"கிரீஸ் சார். கார்டுல கிரீஸ் இருந்துச்சு."

"யாரு வெச்சது?"

அவர் என் கையைப் பார்த்தார். எவ்வளவு சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகாமல் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பாருப்பா. மெஷின் ரெண்டு நாள் நின்னதுக்கு நான் காரணம் எழுதணும். வேலைக்காரம்மா தண்ணி கொட்டினாங்க, ஆளை நிறுத்தியாச்சுன்னு எழுதியிருக்கேன். அத அடிச்சுட்டுக் கிரீஸுன்னு எழுதினா, வெச்சவன் பேரையும் எழுதணும். எழுதட்டுமா?"

ஊரெல்லாம் ஓடுகிற என் வாய் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. சுவரில் மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேணாம் சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து அடுத்த வரியை எழுத ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். மெஷின் அவருக்கு நண்டு, இறால், மடவை என்று வரிசையாகப் பட்டியல் காட்டியது. உப்புக்காற்றிலும் தாங்குகிறது என்று எழுதினார். ரிப்பேர் செய்ததற்கு என் முதுகில் ஒரு தட்டு வேறு தட்டினார். கார்த்திகையில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பெருக்குவதற்குக் காட்டூரிலிருந்து ஓர் ஆளைப் போட்டார்கள்.

மார்கழியில் ஒரு நாள் காலையில் தோணி கரையை நெருங்கும்போது, தண்ணீரில் நின்றுகொண்டிருந்த பொம்பளை ஒருத்தி கையைத் தூக்கினாள். குப்பம்மாள். இறால் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தோணி விளிம்பைப் பிடித்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கட்டைவிரலில் புதுக் கீறல். தோணியில் என்னோடு ஆறு பேர் இருந்தார்கள்.

"மெஷினு ஓடுதாமே நைனா. நீதான் சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாள் கெடந்து சரி பண்ணியாம். வேல பர்மனெண்டு ஆயிடுச்சாமே."

"ஆமா அத்தே."

"என் ஈரத் துணியால உன் பொழப்பு பூட்டிருந்தா, நான் நாண்டுக்கினு செத்திருப்பேன். எத்தினி நாளு தூங்கல தெரியுமா? அன்னிக்கு நீ கத்தினது நாயம்தான். மன்சுல வெச்சுக்காத."

பறியைச் சாய்த்து, அன்றைக்குக் கிடைத்த இறாலில் பாதியை என் டிபன் பை மேல் கொட்டினாள். வேண்டாம் என்றேன். "புடி, இல்லன்னா நீ இன்னும் கோவமா கீறேன்னு அர்த்தம்"னு சொன்னாள். ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது உண்மை.

"வுடு அத்தே. தெரியாமத்தானே செஞ்சே"னு சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. கை சேறாக இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

அந்த இறாலை அன்று ராத்திரி என் பெண்டாட்டி தொக்கு வைத்தாள். நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.