தண்ணீர் குறையாத பாட்டில்

மலச்சிக்கல் வந்து ஆறாவது நாள். மாலையில் வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை பார்ப்பவர் கொடுத்த பேதி மாத்திரை நான்கையும் ஒரே வாயில் போடப் போனார். கையைத் தட்டிவிட்டு, நர்ஸாக இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஸ்பீக்கர்ல போடு. வாந்தி இருக்கா?"

"இல்லக்கா."

"காத்து பிரியுதா?"

அவர் சுவரைப் பார்த்தபடி, "இல்ல," என்றார்.

அக்காவின் குரல் மாறிவிட்டது. "மாத்திரையைத் தொடாதீங்க. குடல் அடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டு, பழைய மருந்துச் சீட்டு, சார்ஜர் எல்லாவற்றையும் பையில் திணித்தேன். இந்த மனிதர் இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன்? வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"பிரியுது. காலையிலேருந்து நாலஞ்சு தடவை."

"அப்புறம் ஏன் இல்லன்னீங்க?"

"உங்க அக்காகிட்ட போய் அதை எப்படிச் சொல்றது?"

பத்து வருடக் குடித்தனத்தில் அவரை அடிக்கக் கை பரபரத்தது அன்றுதான். பையைத் தொப்பென்று போட்டுவிட்டு மறுபடி போன் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். மெத்தென்று இருந்தது, பெரிய வலி இல்லை.

"சரி, வீட்லயே பாக்கலாம். வாந்தியோ தாங்க முடியாத வலியோ வந்தா ஒரு நிமிஷம் நிக்காதீங்க. வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிக்கிறார்?"

அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். காலையில் நான் நிரப்பிய அளவு அப்படியே இருந்தது. கட்டுமான இடத்தில் உயரமான டவர் கிரேன் ஓட்டுகிறார். ஏழு மணிக்கு ஏறினால் ஒரு மணிக்குத்தான் இறங்குவார். ஏணியில் இறங்கவே கால் மணி நேரம் ஆகும். நடுவில் சிறுநீர் கழிக்க இறங்கினால் சூப்பர்வைசர் கத்துவார் என்று தண்ணீரே குடிப்பதில்லையாம். பாட்டில் தினமும் நிறைந்து வந்ததைப் பார்த்து, குடித்துவிட்டு அங்கேயே மறுபடி பிடித்துக்கொண்டு வருகிறார் என்று நம்பிய மக்கு நான்.

அக்கா சொன்ன மலமிளக்கி மருந்து, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தட்டு பழம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை சாப்பிட்டதும் கழிவறைக்குப் போனார். மகள் பல் தேய்க்க ஏறி நிற்கும் சின்ன ஸ்டூலைக் காலுக்கடியில் கொடுத்து, "முக்காதீங்க, அவசரம் ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, "ஆச்சு," என்றார். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி முகம்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை. ஓடிப்போய் எடுத்தேன்.

"கீழ எறங்கி வந்திருக்கேன்," என்றார். "பாட்டில் காலி. பின்ன எறங்காம என்ன பண்றது? சூப்பர்வைசர் கத்துறார்."

"கத்தட்டும்," என்றேன். "பாட்டிலை நிரப்பிக்கிட்டு ஏறுங்க."