அமைதி அடைந்துள்ளாரா?

லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அங்கே பதில் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். அழுவார்கள், கத்துவார்கள், ஒருவர் தன் மனைவியிடம் சொல்லச் சொல்லி மன்னிப்புப் பட்டியலே வாசித்தார். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைப்பது என் வேலை. என் நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது, முதுகுப் பக்கம் பஞ்சு பிதுங்கும். ஆனாலும் இந்த உலகத்தில் எனக்கே எனக்கு என்று இருக்கும் ஒரே இடம் அதுதான்.

அதற்குத்தான் வேட்டு வந்தது. ஒரு பெரிய மனிதர் நாலே நிமிஷம் மாட்டிக்கொண்டதற்கு என் வம்சத்தையே இழுத்துப் பேசினார். "சார், நீங்க லிஃப்ட்லதான் இருக்கீங்க, நடுக்கடல்ல இல்ல. கொஞ்சம் வாய மூடினா உள்ள இருக்கிற காத்தாவது மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டேன். லிஃப்டுக்குள் காற்று தீராது என்று அவர்களுக்கு உறுதி சொல்வதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதையே தலைகீழாகச் சொல்லிவிட்டேன். அவர் உள்ளேயே மயங்கி விழுந்தார்.

எங்கள் மேனேஜர் அப்போதுதான் ஏதோ மன நலப் பயிற்சிக்கு இரண்டு நாள் போய் வந்திருந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் மாட்டினேன். என்னை மேசையிலிருந்து எழுப்பி, ஃபைல் அடுக்க அனுப்பி, கையில் ஒரு படிவத்தைத் திணித்தார். நாலு வாரம், தினமும்: காலையில் பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி, மாலையில் போன் இல்லாமல் ஒரு நடை, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கால், படுக்கும் முன் ஒரு நோட்டில் அன்றைய மூன்று நல்ல விஷயங்கள். படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'ஊழியர் அமைதி அடைந்துள்ளாரா? ஆம் / இல்லை.' அதைக் குடும்பத்தில் ஒருவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆம் என்றால் என் மேசை எனக்கு. இல்லை என்றால் தரைத்தளத்துக்குக் கீழே உதிரி பாகங்கள் அறை. அங்கே நட்டும் போல்ட்டும் இருக்கும், அவை யாரையும் கூப்பிடாது.

படிவத்தை நிரப்ப வேண்டியவர் என் கணவர். அவர் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறார். லாரி மேடை மேல் ஏறும், இவர் எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அரைக் கிலோ கூட்டி எழுது என்று ஆண்டவனே வந்து கேட்டாலும் நடக்காது. புது உடுப்பு போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறேன் என்று ஒருமுறை ஆசையாகக் கேட்டேன். போன வருஷத்தைவிட இரண்டு கிலோ கூட என்றார். அதற்கப்புறம் நான் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் என் அமைதிக்காக அவர் காட்டிய அக்கறை இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள், நாலு பேர். காலையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் எதிரே கைக்கடிகாரத்தோடு நிற்பார். இழு என்பார், விடு என்பார், இன்னும் முழுசா விடலையே என்பார். பக்கத்தில் என் மாமியார் வந்து உட்கார்ந்து தானும் மூச்சை இழுப்பார். அவர் எப்போதும் என்னைவிட நாலு நொடி அதிகமாக இழுப்பார். அதை எண்ணியும் சொல்வார்.

நடைக்குத் தனியாக அனுப்ப முடியாது என்று மகளைத் துணைக்கு அனுப்பினார்கள். போன் கூடாது என்பது எனக்குத்தானே, அவளுக்கு இல்லையே. வீடு திரும்புவதற்குள் அவள் போனில் என்னைத் தேடி மூன்று அழைப்பு வரும். முதல் அழைப்பு சாவி எங்கே, இரண்டாவது உப்பு எங்கே, மூன்றாவது எல்லாம் கிடைத்துவிட்டது, நீ நிம்மதியாக நட. திரும்பி வந்து தொட்டித் தண்ணீரில் காலை வைத்தால், சுடுதண்ணி வீணாகப் போகிறதே என்று மாமியாரும் காலை விடுவார், மகளும் விடுவாள். ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஆறு கால்கள். எது என்னுடையது என்று கிள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த நோட்டு. நான் எழுதி வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவேன், மூவரும் எடுத்து வாசிப்பார்கள். தேநீர் நன்றாக இருந்தது என்று எழுதினால், போட்டது யார் என்று எழுதவில்லையே என்று மகள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். மாமியார் தன் பெயர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரவேண்டும் என்று என் கணவர் வழியாகச் சொல்லியனுப்பினார். முறை வைத்து எழுத ஆரம்பித்தேன். திங்கள் மாமியார், செவ்வாய் மகள், புதன் அவர். இந்த வீட்டில் எனக்கு மன அமைதி வந்ததோ இல்லையோ, மற்ற மூவருக்கும் நல்ல பெயர் வந்தது.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டை எடுத்தேன். ஒன்று, மகள் தூங்கிவிட்டாள். இரண்டு, அத்தை தூங்கிவிட்டார். மூன்று, அவரும் தூங்கிவிட்டார். இதை எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை வீடு அமர்க்களப்பட்டது. மாமியார் கண்ணீர் விட்டார், மகள் பேச மாட்டேன் என்றாள், அவர் மட்டும் நிதானமாக இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் அளவுக்குக் கத்தினேன். கத்தி முடிந்ததும் அவர் பேனாவை எடுத்து, அன்றோடு கெடு முடியும் படிவத்தில், 'இல்லை' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கோபத்தில் போடவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் நாலாவது மாடி. லிஃப்டில் நான் ஒருத்திதான். மூன்றாவது மாடிக்கு அரையடி கீழே வந்ததும் அது ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட்.

பொத்தானை அழுத்தினேன். என் மேசையில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த புதுப் பெண் எடுத்து, தேன் வடியும் குரலில், மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்படி கேட்டுக்கொண்டாள். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். பயந்துபோய் மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்புறம் சத்தமே இல்லை. செருப்பைக் கழற்றினேன். தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். உப்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் மூச்சு விடுவதை யாரும் எண்ணவில்லை. மூடிய கதவுக்குள் நான் மட்டும் இருந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். குளியலறையைக் கணக்கில் சேர்க்க முடியாது, அங்கேயும் கதவைத் தட்டுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே ஒரு புகாருக்குப் போயிருந்த மெக்கானிக் முக்கால் மணி நேரம் கழித்து வந்து வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தான். உள்கதவு ஒரு விரல் அகலத்துக்கு விலகி அடம் பிடித்தது. அஞ்சு நிமிஷத்தில் எடுத்துவிடுவேன் என்றான்.

"அவசரமில்ல தம்பி. வேற புகார் எதுவும் இருந்தா பாத்துட்டு மெதுவா வா" என்றேன்.

வெளியே யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்குத் தெரியும். புதுப் பெண் விதிப்படி அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டால் மூவரும் வருவார்கள். மாமியார் இடுக்கு வழியாக மூச்சை இழு இழு என்றார், மகள் அழுதாள். மேனேஜரும் வந்துவிட்டார். லிஃப்ட் நின்ற செய்தி வெளியே போய்விடுமோ என்று அவருக்குப் பதற்றம், அதற்கு நடுவிலும் படிவத்துக்கு இன்றுதான் கடைசி நாள் என்று நினைவூட்டினார். நான் அதை மடித்து இடுக்கு வழியாக நீட்டினேன்.

படித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அப்படியானால் திங்கட்கிழமை முதல் உதிரி பாகங்கள் அறைதான் என்றார்.

"அத இப்படிக் குடுங்க சார். தப்பா எழுதிட்டேன்."

என் கணவரின் குரல். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அடித்துத் திருத்தினால் செல்லாது என்று மேனேஜர் இழுத்தார்.

"லாரிய எடை போடறப்போ உள்ள இருக்கிற ஆளுங்கள இறக்கிடணும் சார். இல்லன்னா அவங்க எடையும் சேர்ந்து லாரி கணக்குல ஏறிடும். நாலு வாரமா நாங்க மூணு பேரும் இவ மேலயே ஏறி உக்காந்துகிட்டு எடை பாத்திருக்கோம். இப்ப உள்ள தனியா இருக்கா, அவசரமில்ல, மெதுவா வான்னு மெக்கானிக்கிட்ட அவ சொன்னத என் காதால கேட்டேன். இதுதான் அவளோட எடை."

பேனா கீறும் சத்தம் கேட்டது. மேனேஜர் படிவத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேசைக்கு வந்துவிடுங்கள், இந்த லிஃப்ட் விஷயம் மட்டும் வெளியே வேண்டாம் என்று இடுக்கிடம் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

"அக்கா, இப்ப திறக்கட்டுமா?" என்றான் மெக்கானிக்.

"அரை மணி நேரம் கழிச்சு" என்றேன்.

அவன் கருவிகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். மாமியார் ஏதோ கேட்க வாயெடுத்தார். என் கணவர் அவரையும் மகளையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். செருப்புச் சத்தங்கள் படியிறங்கிப் போயின. ஒருவர் மட்டும் கதவுக்கு வெளியே தரையில் உட்காருவது கேட்டது.

"நான் இங்கதான் இருக்கேன். பேச மாட்டேன்" என்றார்.

பேசவில்லை. அரை மணி நேரமும் பேசவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, துடைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்குச் செய்ததிலேயே இதுதான் பெரிசு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார் என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.