செயினா, ஷாஃப்ட்டா, முந்தானையா

மும்பை மெயிலுக்கு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்த மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் எழுந்து நின்று, பச்சைப் புடவை முந்தானையால் கொடி காட்டியவள் என் மனைவி ஹேமாவதி. ஓட்டியவன் நான். ரயில் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தது. நகரி மலையில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தழையைத் துப்பிவிட்டு வேடிக்கை பார்த்தன.

திருத்தணியில் இதை நான் சொல்லாத டீக்கடை கிடையாது. கேட்டவர்கள் டீ ஆறிவிடுமே என்றாவது தலையாட்டிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்தாள். பின்சீட்டில் இருந்தவள்.

என் பெயர் சிங்காரம். அரக்கோணத்தில் கூட்ஸ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் ஓட்டிய தூரத்துக்கு நிலாவுக்கே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஒரு தடவைகூட என் இஷ்டத்துக்கு இடதுபக்கம் திரும்பியதில்லை. தண்டவாளம் போகிற இடத்துக்குத்தானே இன்ஜின் போகும்?

புத்தூரைத் தாண்டினால் ஒரு மண் ரோடு வரும். கொஞ்ச தூரம் இன்ஜினோடு கூடவே ஓடி வந்து, புளியமரங்களுக்கு நடுவே சட்டென்று மலைப்பக்கம் வளைந்து மறைந்துவிடும். அது எங்கே போகிறது? கல்யாணமான புதிதில் ஹேமாவதியிடம் சொன்னேன். "வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். என் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். நகரி தாண்டியதும் அவளுடைய கல்யாணப் புடவையைச் செயின் கவ்வி இழுத்துக்கொண்டது. பாதிப் புடவைதான் திரும்பி வந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் என் வேட்டியைப் போர்த்தியிருந்தாள். நான் எதை உடுத்தியிருந்தேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

"செயின் போட்ட வண்டியில இனிமே ஏற மாட்டேன்" என்றாள். ஏறவில்லை. செயின் இல்லாத ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்கு வருவாள், மலைக்கோயிலுக்கு வருவாள், அவ்வளவுதான். அந்த மண் ரோட்டின் பள்ளங்களுக்கு ஸ்கூட்டர் தாங்காது. நான் தனியாகப் போயிருக்கலாம். போய் என்ன செய்ய? அந்த வளைவைத் தாண்டியதும் பின்னால் திரும்பி "பார்த்தியா?" என்று கேட்க ஆள் வேண்டாமா? இன்ஜினில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் போவதாகவும் அதன் பின்னால் ஒரு புடவை நிறம் தெரிவதாகவும் நினைத்துக்கொள்வேன். அதற்குள் மரம் மறைத்துவிடும்.

ஓய்வு பெற்றதும் காடு மேடெல்லாம் ஏறும் அட்வென்ச்சர் பைக் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன். அதில் ஒரு ஜாதிக்குச் செயினே கிடையாது. மூடிய குழாய்க்குள் ஓர் இரும்புத் தண்டு சுழன்று பின்சக்கரத்தைத் தள்ளும். ஷாஃப்ட் என்பார்கள். கவ்வ வாயில்லாத வண்டி! எனக்கு அன்றே பாதி ரோடு தெரிந்துவிட்டது.

அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மைத்துனன் கங்காதரன் ஒப்பவில்லை.

"வேணாம் பாவா. செயின் அறுந்தா எந்த ஊர்லயும் மாட்டிக்கலாம். ஷாஃப்ட் போச்சுன்னா லாரில ஏத்திகினுதான் வரணும்."

"செயினுக்கு எண்ணெ வுட்டுகினே இருக்கணும், தொடச்சிகினே இருக்கணும்."

"எங்க அக்காவோட இத்தினி வருசம் குடும்பம் நடத்தின ஆளு, செயினுக்குப் பயப்படறியா? அது வேணாம்னா ஒரு காரு வாங்கேன்."

"கண்ணாடிக்குள்ள உக்காந்துதான் வேலை பாத்த காலம் பூரா பாத்துட்டனேடா."

சென்னையில் ஒருவர் தன் ஷாஃப்ட் வண்டியை விற்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். வண்டியா அது? சினை எருமை. ஏறி உட்கார்ந்தால் என் கால் தரைக்கு வரவில்லை. தரைதான் மேலே வந்தது. வண்டி மெள்ளச் சாய்ந்து என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டது. தூக்கி நிறுத்த அந்தத் தெருவே கூடியது. மறுபடி ஏறினேன், மறுபடி படுத்தேன். பக்கத்திலேயே ஒரு செயின் வண்டியும் விற்பனைக்கு நின்றது. ஒல்லி, லேசு, ஒரு கையால் நிமிர்த்தலாம்.

ஆக, அவள் ஏறும் வண்டியை என்னால் தாங்க முடியாது. நான் தாங்கும் வண்டியில் அவள் ஏற மாட்டாள்.

வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஹேமாவதி எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, உடம்பு சரியில்லியா? வாயத் தொறந்து ஒரு புளுகுகூட வரலியே."

நடந்ததைச் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, நாற்று நடும் பெண்கள் கட்டுவதுபோலப் புடவையைக் கால்களுக்கு நடுவே இழுத்துப் பின்னால் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றி முடிந்திருந்தாள்.

"ஆர்.கே.பேட்டையில எங்க நெலத்துல இப்பிடித்தான் எறங்குவேன். ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா செயின் எதக் கவ்வும்? அந்த ஒல்லி வண்டியே வாங்குங்க."

"இத மொதல்லியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க வண்டியப் பத்திதான கேட்டீங்க. என்னையா கேட்டீங்க?"

வாங்கினேன். மல்லிகைக்கு மேலே ஹெல்மெட்டா, ஹெல்மெட்டுக்கு மேலே மல்லிகையா என்ற சண்டை முடிந்து கிளம்பினோம். புளியமரங்களுக்கு நடுவே திரும்பினோம். நான் இடதுபக்கம் திரும்பினேன், என் இஷ்டத்துக்கு! ரோடு மலையைச் சுற்றியது, ஒரு ஏரிக்கரையில் ஏறி இறங்கியது, கடைசியில் ஒரு ரயில்வே கேட்டில் வந்து நின்றது. எத்தனையோ தடவை நான் ஹாரன் அடித்துக் கடந்த அதே கேட். சுற்றிக்கொண்டு என்னிடமேதான் வந்திருக்கிறது அந்த ரோடு.

திரும்பி "பார்த்தியா?" என்றேன்.

அவள் பார்த்தது வந்துகொண்டிருந்த ரயிலை. "பாவம், அதுல இருக்கிறவனுக்கு இந்த ரோடு எங்க போவுதுன்னு தெரியாது" என்றாள். அது போனதும் கேட் திறந்தது. ரோடு தண்டவாளத்தை ஒட்டி ஓடியது, கொஞ்ச தூரத்தில் அடுத்த ரயில் வந்தது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

போன ஞாயிறு கங்காதரன் செயினுக்கு எண்ணெய் விட வந்தான். "அக்கா, பாவா சொல்றது நெசமா? எந்திரிச்சி நின்னியா?"

"இந்த வயசுலயா? அவரு அள்ளி வுடறாருடா."

வாயை மூடிக்கொண்டு செயினையே பார்த்தேன். ஹேமாவதி என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மும்பை மெயில் இல்ல, கூட்ஸு" என்றாள். "நூறும் இல்ல ஒண்ணும் இல்ல, சைக்கிள்காரன் எங்களத் தாண்டிகினு போனான். ஆனா எந்திரிச்சி நின்னேன். இடுப்பு முடிச்ச அவுத்து முந்தானைய ஆட்டினேன். அவனும் ஹாரன் அடிச்சான்டா."