பூனை மேல் போட்ட பழி

அச்சகத்துக் கம்ப்யூட்டர் அன்று காலை கறுத்துக் கிடந்தது. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. பக்கத்தில் வைத்தால் அடுப்புக்கரி பவுடர் பூசியதுபோல் தெரியும். அதன்மேல் மஞ்சள் எழுத்துகள், ஒவ்வொன்றும் எருமைக்கன்று அளவில்.

"வைரஸ்டா!" என்று முதலாளியான அண்ணன் போட்ட கூச்சலில் தெருவே எழுந்து உட்கார்ந்தது.

லேபிள் வடிவமைக்கும் தம்பி சின்னவருக்குக் குலை நடுங்கியது. வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சில மாதங்களாக அவர் கண்முன் எழுத்துகள் எறும்புக் கூட்டமாய்க் கலைந்துகொண்டிருந்தன. அண்ணன் வெளியே போனதும் திரையை இப்படி மாற்றிக்கொள்வார். செருப்புச் சத்தம் கேட்டதும் பழையபடி ஆக்கிவிடுவார். நேற்று மறந்துபோனார். கை நடுங்கிய மெஷின்காரரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் அண்ணன். தம்பி என்றால் மட்டும் விடுவாரா?

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண் வந்து பார்த்தாள்.

"வைரஸ் இல்ல சார். இந்தக் கறுப்புத் திரையை யாரோ ஆன் பண்ணியிருக்காங்க."

"பூனை!" சின்னவரின் வாய் முந்திக்கொண்டது. "கீபோர்டு மேலதான் படுத்துத் தூங்கும்."

"மூணு பட்டனைச் சேர்த்து அழுத்தணும் சார். அப்புறம் 'மாத்தட்டுமா'ன்னு கேட்கும், சரின்னு சொல்லணும். எழுத்தைப் பெரிசாக்க ஆக்சஸிபிலிட்டின்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுக்குள்ள தனியாப் போகணும். உங்க பூனை என்ன படிச்சிருக்கு?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் கூரைத்தகடு அதிர்ந்தது. "உன் சீட்ல அதையே உட்கார வச்சிடலாம்டா!"

சின்னவரும் சிரித்துவைத்தார்.

அவள் எல்லாவற்றையும் அணைத்தாள். திரை வெளுத்தது.

"இருமல் மருந்து லேபிளுக்கு ஆள் வந்து நிக்கிறான். குழந்தைக்கு எத்தனை மில்லின்னு ஒரு தடவை படிடா, அடிச்சிடலாம்," என்றார் அண்ணன்.

சின்னவர் குனிந்தார். இரண்டு, ஐந்து. நடுவில் இருப்பது புள்ளியா, தூசியா? விரலால் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எறும்புகள் அசைந்தன. இரண்டரையா, இருபத்தைந்தா?

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். இத்தனை நாள் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. ஆனால் இதைக் குடிக்கப்போவது ஒரு குழந்தை.

பையைத் தோளில் மாட்டிய பெண்ணைப் பார்த்து, "இரும்மா," என்றார். "ஆஃப் பண்ணதை மறுபடி ஆன் பண்ணு."

"பூனைக்கா சார்?"

"எனக்கு."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. திரை மீண்டும் கறுத்தது. மஞ்சள் புள்ளி ஒன்று பூசணிக்காயாய் எழுந்து நின்றது.

"ரெண்டரை மில்லி," என்று படித்தார் சின்னவர். திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. தம்பியின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.