நாற்பத்து நான்காம் அளவு

மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மார்கரெட் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதகர். ஓடும் கன்வேயரிலிருந்து பத்துக்கு ஒன்றாகப் பாகத்தை எடுத்து, அளந்து, சரியென்றால் திரும்ப வைக்க வேண்டும். ஜூலையில் ஒரு நாள் காலை அப்படிக் கை நீட்டியபோது, அவளுடைய சட்டைக் கையைக் கன்வேயர் உருளை கவ்விக்கொண்டது. இடக்கையால் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். லைன் நின்றது. மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு, தெறித்துப்போன ஒரு பட்டன், அவ்வளவுதான்.

பாதுகாப்பு அதிகாரி ஜானகிராமன் ஓடிவந்தார். கையைப் பார்த்துவிட்டு ஆளையும் ஏற இறங்கப் பார்த்தார். தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கியிருந்தது. பேண்ட்டை பெல்ட் போட்டுச் சுருக்கியதில் முன்பக்கம் நாலைந்து மடிப்பு விழுந்திருந்தது.

"இது யாரோட சட்டைம்மா?"

"என்னோடதுதான் சார். ஜனவரில ஸ்டோர்ல குடுத்தது."

அது உண்மைதான். ஆனால் அந்தச் சீருடைக்கு அளவு எடுத்தது போன அக்டோபரில். அப்போது மார்கரெட் நூற்றுப் பதினான்கு கிலோ. அடுத்த மாதமே மூட்டு வலி தாங்காமல் டாக்டரிடம் போனாள். முப்பது கிலோவாவது குறைந்தால்தான் முழங்காலுக்கு எதுவும் செய்ய முடியும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கம்பெனி பஸ் வருவதற்கு முன் கொளவாய் ஏரிக்கரையில் நடை. சோறு ஒரு கரண்டி, மீதித் தட்டெல்லாம் காய். இப்போது எண்பத்தேழு கிலோ. உடம்பு மாறிவிட்டது. சீருடை அதே ஐம்பதாம் அளவுதான்.

"தொளதொள துணியோட மெஷின் கிட்ட நிக்க விட முடியாது. சரியான யூனிஃபார்ம் வர்ற வரைக்கும் டாக்குமெண்ட் ரூம்ல உக்காருங்க" என்றார் ஜானகிராமன்.

ஸ்டோரில் கேட்டாள். அடுத்த சீருடை ஜனவரியில்தான் என்றார்கள்.

டாக்குமெண்ட் ரூமில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் செப்டம்பரில் லைன் லீடர் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. லைனில் நிற்பவர்கள் மட்டுமே போகலாம். அந்த லைனில் இதுவரை ஒரு பெண்ணும் லீடராக இருந்ததில்லை. மார்கரெட் இரண்டு வருடமாக அதற்காகக் காத்திருந்தாள்.

அவள் கணவன் பூபாலன் ஓட்டல் ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவன். "ஜனவரி வரைக்கும் உக்காந்தே வேலை பாரேன். உன் முட்டிக்கும் ரெஸ்டு" என்றான்.

"இவ்ளோ எளைச்சது உக்கார்றதுக்கா?" என்று கேட்டாள் மார்கரெட்.

மறுநாள் வேலை முடிந்ததும் சீருடை இரண்டு செட்டையும் எடுத்துக்கொண்டு தனகோடியிடம் போனாள். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருப்பவள் தனகோடி. சட்டையை மார்கரெட்டின் மேல் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பேண்ட்டு இன்னா, இப்பவே இடுப்பு புடிச்சிக் குடுத்துர்றேன். சட்டைதான் வேலைக்காவாது. தோளு எங்க தொங்குது பாரு. பக்கத்துல மட்டும் புடிச்சா, நீ கையைத் தூக்கும்போது மொத்த சட்டையும் மேல வரும். கை, காலரு எல்லாத்தையும் பிரிச்சித் தெக்கணும். ரெண்டு மாசத்துல இன்னும் எளைச்சிகினு திரும்ப வருவே. எத்தினி தபா பிரிக்கிறது?"

"புதுசா தெச்சா?"

"இந்தக் கம்பெனித் துணி கடையில எங்க கீது? இதே சட்டை சின்ன சைஸ்ல எங்கனா கெடைக்குதா பாரு."

"எந்த சைஸு?"

தனகோடி டேப்பைச் சுற்றிப் பார்த்து, "நாப்பத்தி நாலு" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மார்கரெட்டுக்கு வினிதாவின் ஞாபகம் வந்தது. அவளோடு லைனில் நின்ற பெண். மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரி. அவள் சட்டையும் நாற்பத்து நான்காம் அளவுதான். பிரசவ விடுப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியும் வேலைக்கு வரவில்லை. போன் செய்தால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மார்கரெட் கிளம்பினாள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வினிதாவின் அம்மா சாந்தா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். உள்ளே வினிதா குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். வந்திருப்பது யாரென்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீயா! இன்னாக்கா, பாதி ஆளைக் காணோம்!"

சிரித்த முகம் உடனே வாடியது. மார்கரெட் நடந்ததைச் சொல்லி, ஒரு சட்டை இரவலாகக் கிடைக்குமா என்று கேட்டாள். வினிதா பீரோவிலிருந்து தேய்த்து மடித்த இரண்டு செட்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"ரெண்டையுமே எடுத்துக்கோக்கா. எனக்கு இனிமே எதுக்கு?"

வாசலில் இருந்து சாந்தா குரல் கொடுத்தாள். "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீது. அந்தச் சட்டைக்குப் பட்டன் போட்டுப் பாத்தா, சேரல. அன்னிலருந்து அழுதுகினு கீறா. வேலைக்கே போமாட்டாளாம்."

"ஆமா, சேரல. அதுக்கின்னா இப்போ?" என்று வினிதா வெடித்தாள். "ஸ்டோர்ல போயி பெரிய சைஸ் கேட்டா, அத்தினி ஆம்பிளைங்க முன்னாடி சத்தமா சைஸைப் படிப்பாங்க. கடைசில ஜனவரில வான்னுவாங்க. அதுக்கு வூட்லயே இருந்துடலாம்."

மார்கரெட் மடியிலிருந்த சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். இவள் ஏன் வேலைக்கு வரவில்லை என்று இதுவரை தீர விசாரிக்கவே இல்லையே என்று உறுத்தியது.

"பதினோரு வருஷமா என் சைஸைத்தான் அங்க சத்தமா படிச்சாங்க" என்றாள். "ஒவ்வொரு தபாவும் ஓடிப்போயிடலாம்னு தோணும். போயிருந்தா என் வேலைதான் போயிருக்கும். எழுந்து நில்லு வினிதா."

"எதுக்கு?"

"என்கிட்ட அம்பது சைஸ்ல ரெண்டு செட்டு சும்மா கீது. உனக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும், தெச்சிக்கலாம். நில்லு, அளவு எடுக்கணும்."

வீட்டில் டேப் இல்லை. சாந்தா கையைக் கழுவிவிட்டு வலை பின்னும் நைலான் நூலை எடுத்துவந்தாள். மார்புக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. முடிச்சுப் போடும்போதெல்லாம் வினிதா கூச்சத்தில் நெளிந்தாள். இடுப்புக்கு வந்தபோது குழந்தை நூலைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்துவிட்டாள்.

தனகோடி அந்த நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தோளு சரியா உக்காரும், பக்கத்துல புடிச்சா போதும்" என்றாள். சட்டைப் பைகளின் மேல் தைத்திருந்த பணியாளர் எண் பட்டைகளைப் பிரித்து இடம் மாற்றித் தைத்தாள்.

புதன்கிழமை மார்கரெட் நாற்பத்து நான்காம் அளவுச் சட்டையோடு ஜானகிராமனின் மேஜைக்கு முன் நின்றாள். சட்டை எப்படிக் கிடைத்தது என்று மறைக்காமல் சொன்னாள். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ஒருத்தர் யூனிஃபார்மை இன்னொருத்தர் போடக்கூடாதும்மா."

"அப்படி எங்க எழுதியிருக்கு சார்? லூசான துணியோட மெஷின் கிட்ட வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு, சரி. அந்தத் தப்பை நான் இப்போ திருத்திட்டேன்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு மூடிவைத்து எழுந்தார்.

"வாங்க, லைனுக்குப் போவோம்."

கன்வேயரை நிறுத்தச் சொல்லி அவளைக் கை நீட்டவைத்தார். குனியச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். சட்டை நகரவில்லை. கைப்பட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் எளைச்சா?" என்று கேட்டார்.

"எளைப்பேன் சார். மாசம் ஒரு தடவை நானே வந்து நிக்கறேன், நீங்க செக் பண்ணுங்க. லூசா இருந்தா நானே லைனை விட்டு இறங்கிடறேன்."

அவர் பொத்தானை அழுத்தினார். கன்வேயர் ஓடத் தொடங்கியது. மார்கரெட் முதல் பாகத்தை எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வினிதா வேலைக்கு வந்தாள். அதே வாரம் மார்கரெட் பெண்கள் உடைமாற்றும் அறையில் காலியாகக் கிடந்த ஒரு லாக்கரைக் கேட்டு வாங்கினாள். சேராத சீருடையைத் துவைத்து அதில் வைக்கலாம், சேருவதை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொன்னாள். ஸ்டோர்க்காரர் முணுமுணுத்தார். யாருக்கும் சேராமல் வீட்டில் தூங்கிய சட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஆகஸ்டில் எடை எண்பத்தைந்தில் நின்றுவிட்டது. ஆறு வாரம் ஒரு கிலோகூட இறங்கவில்லை. ஒரு நாள் காலை ஏரிக்கரையில் நின்று அழுதாள். அன்றும் முழுச் சுற்று நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். செப்டம்பர் தேர்வில் இரண்டாம் ஷிஃப்டுக்கு அவளை லைன் லீடராகப் போட்டார்கள். எடையும் அதற்குப் பிறகு மெல்ல நகர்ந்தது.

அக்டோபரில் மறுபடி சீருடைக்கு அளவு எடுத்தார்கள். இந்த முறை பெண்களுக்கு உடைமாற்றும் அறையிலேயே எடுக்கவேண்டும் என்று மார்கரெட் எழுதிக் கொடுத்து, ஜானகிராமனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். தன் படிவத்தைக் கடைசியாக நிரப்பி அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஒரு செட்டு நாப்பத்திரண்டு, இன்னொண்ணு நாப்பது. தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். ஜனவரிக்கு ஒண்ணு, ஜூலைக்கு ஒண்ணு."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஷிஃப்ட் மணி அடித்தது. மார்கரெட் தொப்பியை மாட்டிக்கொண்டு லைனுக்கு நடந்தாள்.