லிஃப்ட்காரர் குளத்தில் குதித்த கோடை

சமூகக்கூடத்து வாசலில் கோடை நிகழ்ச்சிகளின் பட்டியலை ஒட்டிய அன்றைக்கே, லிஃப்ட்காரரின் மனைவி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம், வயதானவர்களுக்குச் சதுரங்கம், திடலில் திரை கட்டிப் படம், ஞாயிற்றுக்கிழமைகளில் செடி மாற்றிக்கொள்ளும் சந்தை. கடைசி வரியில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொது நீச்சல்குளத்தில் வகுப்பு. எல்லா வயதினரும் வரலாம், நீந்தத் தெரியாதவர்களுக்கு மட்டும்.

"வாண்டு பேரைக் கொடுத்துட்டேன்" என்றாள்.

லிஃப்ட்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். "ஓவியத்துக்கா?"

"நீச்சலுக்கு."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். அந்த வீட்டில் தண்ணீர் பற்றிய பேச்சு எப்போதும் இப்படித்தான் நின்றுபோகும். பன்னிரண்டாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, அடியில் இருட்டாகக் கிடக்கிற குழியைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரைச் சுழற்றுகிற மனிதர் அவர். உயரம் அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் கடற்கரைக்குப் போனால் மணலோடு நின்றுவிடுவார். மகளின் கையை விடமாட்டார். அவருடைய தம்பி சின்ன வயதில் தண்ணீரில் போய்விட்டான் என்பது மனைவிக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, அவளும் தோண்டிக் கேட்டதில்லை.

ஆனால் இந்த முறை அவள் மசிகிற மாதிரி இல்லை. "வருஷா வருஷம் ஸ்கூல்ல நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நம்ம பொண்ணு மட்டும் காய்ச்சல்னு லெட்டர் கொடுத்துட்டு வீட்டுல உக்காந்திருக்கா. பதினோரு வயசாச்சு. இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க காய்ச்சல் வரும்?"

"அப்ப நீயே கூட்டிட்டுப் போ."

"சனிக்கிழமை எனக்கு மருந்துக்கடை டியூட்டி. உங்களுக்குத்தான் லீவு."

கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற மகள் வாண்டு, அப்பாவின் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வருகிறவரை மூச்சுகூட விடவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் குளத்தின் சுவரோடு போட்டிருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டார்கள். ஈரத் தரையில் வெறுங்காலை வைக்கப் பிடிக்காமல், குதிகாலைப் பெஞ்சின் கம்பியில் ஏற்றிக்கொண்டார். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர் நீலமாக, அடியில் ஓடு எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. குளத்தின் நடுவில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய இடுப்பளவு ஆழம்தான். இருந்தாலும் மகள் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கியபோது அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பில் பதினாலு பேர். ஆறு வயது இரட்டையர்கள் முதல் ஓய்வுபெற்ற தபால்காரர்வரை இருந்தார்கள். தெருமுனை பேக்கரி அக்காவும் வந்திருந்தாள். தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு படியிலேயே நின்று, "கோச்சம்மா, நான் இறங்கினா தண்ணி வெளியே வந்துடும், எல்லாரும் ஒதுங்கிக்கங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோச் இருபத்தைந்து வயதுப் பெண். விசில் கழுத்தில் தொங்கினாலும் அதை ஊதவே மாட்டாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, தோளில் கைவைத்து, தாழ்ந்த குரலில்தான் சொல்லிக்கொடுப்பாள்.

அன்றைக்கு முகத்தை நனைத்து மூச்சுவிடப் பழகினார்கள். அடுத்த வாரம் நுரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தபால் தாத்தா என்னைவிட மெதுவாப் போறாருப்பா. ஆனா நிறுத்தவே மாட்டேங்கிறாரு" என்று பேசிக்கொண்டே வந்தாள். அவர் ம் கொட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவர் சட்டை முதுகு வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமைதான் அது நடந்தது.

அவர் போனில் வேலையிடத்துச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியபோது, தண்ணீரில் மகள் குப்புறக் கிடந்தாள். கையும் காலும் அகல விரிந்திருந்தன. முகம் தண்ணீருக்குள். அசைவில்லை. நீச்சல் உடையின் முதுகுமட்டும் மேலே தெரிந்தது.

அவர் எழுந்ததையோ ஓடியதையோ பின்னால் யோசித்துப் பார்த்தபோதுகூட அவருக்கு நினைவில்லை. சட்டை, பேன்ட், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் போன், எல்லாவற்றோடும் குளத்துக்குள் குதித்தார். தண்ணீர் இடுப்புவரைதான் இருந்தது. அடித்துப் பிடித்துப் போய் மகளை இரண்டு கையாலும் வாரித் தூக்கி, மார்போடு இறுக்கிக்கொண்டார். திடீரென்று தூக்கியதில் வாண்டுக்குப் புரையேறியது. இருமி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, நான் பதினெட்டு வரைக்கும் எண்ணிட்டேன்" என்றாள். "இன்னும் ரெண்டுதான் இருந்துச்சு."

அன்றைய பாடம் குப்புற மிதப்பது. இருபதுவரை எண்ணவேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறாள். பெஞ்சில் இருந்தவர் காதில் அது விழவில்லை.

குளம் கப்சிப் என்று ஆனது. இரட்டையர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்க, பேக்கரி அக்கா அவன் தோளைத் தொட்டு அடக்கினாள். கோச் பக்கத்தில் வந்தாள்.

"சார், பாப்பா நல்லா இருக்கா. நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னுட்டிருந்தேன்."

அவருக்குப் புரிந்தது. ஆனால் கை விடவில்லை. பிடியைத் தளர்த்தவேண்டும் என்று மனது சொல்லியும் விரல்கள் கேட்கவில்லை.

"விடுங்கப்பா" என்றாள் வாண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்குறாங்க."

வீடுவரை அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். அவருடைய பேன்ட் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது. போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, மாற்று உடைகூட உடுத்தாமல் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மதியம் மனைவி வந்தபோது மகள் அறைக்குள்ளிருந்து கத்தினாள். "இனிமே அப்பா வரவேணாம். இல்லேன்னா நான் போகலை."

மனைவி நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. துண்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினாள். "தலை காய்ஞ்சே போச்சு, பேன்ட் மட்டும் இன்னும் ஈரம்" என்றாள். பிறகு, "அவகிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்கே முழுசாத் தெரியாதே" என்றாள்.

வெயில் தணிந்த பிறகு அவர் மகளின் அறைக் கதவைத் தட்டினார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் கட்டிலில் உட்காராமல் தரையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான்."

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் படுத்திருக்கவேண்டும்.

"எனக்கு நாலு வயசு சின்னவன். எங்க வீட்டுக்குப் பின்னாடி கல்லு உடைச்சு எடுத்த பெரிய குழி ஒண்ணு. மழை பெஞ்சா ரொம்பிடும். அவன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நீந்தக் கத்துக்கிட்டான். எனக்கு வராது. நான் கரையில உக்காந்திருப்பேன். அவன் செத்த மாதிரி குப்புற மிதப்பான், நான் எண்ணணும். அதுதான் விளையாட்டு. ஐம்பது, அறுபதுன்னு போவான். அப்புறம் திடீர்னு எழுந்து சிரிப்பான்."

அவர் நிறுத்தினார்.

"அன்னிக்கும் எண்ணினேன். எழுபது வந்துச்சு. இன்னிக்கு ஜெயிச்சுட்டான்னு நினைச்சேன். கை தட்டினேன். நூறு வரைக்கும் எண்ணினேன், வாண்டு. நூறு வந்தப்புறம்தான் கூப்பிட்டேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம், அப்பாவிடம், கல்யாணம் செய்துகொண்டவளிடம்கூட இல்லை. கதவுக்கு வெளியே மனைவி நிற்பது அவருக்குத் தெரிந்தது. போகச் சொல்லவில்லை.

மகள் கேட்டாள். "அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"பதிமூணு."

"பதிமூணா?" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எதிர்வீட்டு அண்ணனுக்குப் பதிமூணு. அவனுக்கு ஷூ லேசே ஒழுங்காக் கட்டத் தெரியாதுப்பா. பதிமூணுன்னா சின்னப் பையன்தானே."

முப்பது வருஷமாக அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தவனை அவர் ஒரு பெரிய ஆளாகவே நினைத்து வந்திருந்தார். எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்துவிட்ட ஒரு ஆள். ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஒரு பையனாக அவனை ஒருநாளும் பார்த்ததில்லை. மகள் கட்டிலிலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நான் ஒண்ணு செய்றேன். மிதக்கும்போது கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்கேன். விரல் ஆடுச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்க பெஞ்சுலயே உக்காந்து பாத்துக்கலாம். சரியா?"

"சரி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் பெஞ்சில் உட்காராமல், குளத்தின் விளிம்பில், மகள் இருந்த இடத்துக்கு நேராகக் குந்தினார். அவள் குப்புற மிதந்தாள். விரிந்த வலதுகையில் கட்டைவிரல் மேலும் கீழும் ஆடியது. அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார். எண்ணவில்லை. அவள் எழுந்து முகத்தைத் துடைத்தபோதுதான் அவரும் மூச்சு விட்டார்.

வகுப்பு முடிந்ததும் கோச் வந்தாள். போன வாரம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லா வயசுக்கும்னுதான் சார் போட்டிருக்கோம். இடம் காலியா இருக்கு" என்றாள்.

"எனக்கு வராதும்மா."

"வராதவங்களுக்கு மட்டும்தான் சார் இந்த வகுப்பே."

தண்ணீருக்குள்ளிருந்து பேக்கரி அக்கா குரல் கொடுத்தாள். "வாங்கண்ணே. போன வாரம் ஒரு பைசா கட்டாம இறங்கினீங்களே, அப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

அவரே சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சுலபம் என்று சொல்லமுடியாது. ஐந்தாவது வாரம் முழுக்க விளிம்புக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். ஆறாவது வாரம் முகத்தை நனைத்தவர் உடனே ஏறிப்போய், ஈரத் துண்டோடு பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. தபால்காரர் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் முழங்கால் ஒத்துழைக்கலை" என்று தன் முழங்காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே மறுபடி இறங்கினார்கள்.

கோடையின் கடைசிச் சனிக்கிழமை குளத்தில் குடும்ப நாள். மனைவி டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மகள் குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்தாள். பேக்கரி அக்கா பாதிவரை போய் நின்று, அங்கேயே எல்லோருக்கும் கைகாட்டினாள். லிஃப்ட்காரர் நீந்தவில்லை. மல்லாந்து மிதந்தார், அவ்வளவுதான். முதுகுக்கடியில் கோச்சின் கை ஒருபக்கம், வாண்டின் கை மறுபக்கம். கோச் முதலில் எடுத்தாள். பிறகு வாண்டும் எடுத்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து வெளிச்சத்தம் எல்லாம் அடங்கிப்போனது. மேலே வெறும் வானம். தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் திடலில் கடைசி நாள் படம் போட்டார்கள். இருட்டுவதற்காகக் காத்துக்கொண்டு ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. சதுரங்கக்காரர்கள் ஆட்டத்தை முடிக்காமல் பலகையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஓவிய வகுப்புப் பிள்ளைகள் வரைந்தது வேலி நெடுக்கத் தொங்கியது. வாண்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சித்தப்பா வேற என்னெல்லாம் செய்வாரு?" என்று கேட்டாள். "நீச்சல் இல்லாம."

அவர் யோசித்தார். இத்தனை வருஷமாக அந்த ஒரு நாளையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதற்கு முந்தைய ஒன்பது வருஷத்தை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"பொய் சொல்லுவான்" என்றார் கடைசியில். "பயங்கரமாப் பொய் சொல்லுவான். ஒருதடவை ஸ்கூல்ல வாத்தியார்கிட்ட, எங்க அண்ணனுக்குக் கல்யாணம், நாளைக்கு நான் வரமாட்டேன்னு சொல்லிட்டான். அப்ப நான் ஆறாவது படிக்கிறேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. வாத்தியார் சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துட்டாரு, கையில ஒரு பரிசுப் பொட்டலத்தோட."

வாண்டு பாயில் விழுந்து சிரித்தாள். பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று மனைவி கேட்டாள். அவர் அதைச் சொல்லத் தொடங்கினார்.